பழைய குரூப் போட்டோவில் பெயர் எழுதுவது எப்படி?

எந்த வீட்டின் பழைய ஆல்பத்தைப் புரட்டினாலும் கல்யாண குரூப் போட்டோ ஒன்று கட்டாயம் இருக்கும். நடுவில் மாலையும் கழுத்துமாக மணமக்கள், இரு பக்கமும் நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் பெஞ்சின்மேல் ஏறி நிற்கும் இளவட்டங்கள், முன்னால் ஜமுக்காளத்தில் சம்மணமிட்ட பிள்ளைகள். இருபது முப்பது பேர் இருப்பார்கள். பாட்டிக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது. அம்மாவுக்குப் பாதிப் பேரைத் தெரியும். உங்களுக்கு நாலைந்து பேர். உங்கள் பிள்ளைக்கு அது யாரோ சிலர் நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

பள்ளிக்கூடங்கள் இந்த விஷயத்தில் பொறுப்பாக இருந்தன. வகுப்புப் படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, கீழே 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று தொடங்கி ஒவ்வொருவர் பெயரையும் அச்சிட்டுக் கொடுத்தன. ஐம்பது வருடம் கழித்தும், மூன்றாம் வரிசையில் ஐந்தாவதாக நிற்பவர் யார் என்று அந்த அட்டையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். குடும்பப் படங்களுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. இன்று வீட்டுக் கணினியில், காசு செலவில்லாமல், நாமே அதைச் செய்துகொள்ளலாம். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா பேனர் எதுவானாலும் படத்தில் தமிழ் எழுத்தைச் சேர்க்கும் முறை ஒன்றுதான். பழைய குடும்பப் படத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், தவறினால் திரும்பக் கிடைக்காதது அங்கேதான் இருக்கிறது.

படத்தில் எழுதும் வழக்கம் கணினியோடு வந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் கண்ணாடி நெகடிவின் ஓரத்தில் மையால் எழுதுவார்கள், அல்லது ஊசியால் கீறுவார்கள். மையால் எழுதியது ஒளியை மறைப்பதால் அச்சில் வெள்ளையாக விழும்; கீறியது கறுப்பாக விழும். எழுத்து நேராகத் தெரிய வேண்டுமென்றால் நெகடிவில் இடவலம் மாற்றி எழுத வேண்டும். சாமுவேல் போர்ன் இந்தியாவில் 1860-களில் எடுத்த படங்களின் கீழ் ஓரத்தில் அவர் பெயரும் வரிசை எண்ணும் இருப்பது இப்படித்தான். அந்த எண்ணை வைத்துத்தான் இன்றும் ஆய்வாளர்கள் அவர் படங்களை அடையாளம் காண்கிறார்கள். நம் வீடுகளிலோ படத்தின் முதுகில் பேனாவால் எழுதி வைத்தார்கள். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதிய தடம் முன்பக்கத்தில் யாரோ ஒருவர் முகத்தில் மேடாக எழுந்து நிற்பதைப் பல படங்களில் பார்க்கலாம். கணினியில் எழுதுவதன் பெரிய அனுகூலம், அசல் படத்தை எதுவும் தொடாது என்பதே.

முதலில் படம் கணினிக்குள் வர வேண்டும். கைபேசியால் எடுத்தால் கண்ணாடிப் பளபளப்பும் ஓரக் கோணலும் சேர்ந்து வரும். ஸ்கேனர் கிடைத்தால் அதுவே நல்லது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்யுங்கள். 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படம் அப்போது 3600-க்கு 2400 பிக்சல் வரும். சாதாரணப் படத்துக்கு 300 போதும். குரூப் போட்டோவில் ஒரு முகம் கடலை அளவுகூட இருக்காது. பெரிதாக்கிப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்க 600 வேண்டும். சட்டம் போட்ட படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்கப் பார்க்காதீர்கள், முகமே கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் முதுகில் ஏதாவது எழுதியிருந்தால், ஸ்டுடியோ முத்திரை இருந்தால், அதையும் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்து வையுங்கள். ஊரும் காலமும் பெரும்பாலும் அந்த முத்திரையிலிருந்துதான் பிடிபடும்.

ஸ்கேன் செய்த கோப்பை ஒருமுறை நகலெடுத்து, அசலைத் தனி ஃபோல்டரில் பூட்டி வையுங்கள். இனி செய்யும் எல்லா வேலையும் நகலில்தான். இதில் நான் சமரசமே செய்துகொள்ள மாட்டேன். எழுத்து பதிந்த படம் மட்டும் மிஞ்சி, எழுத்தில்லாத அசல் அழிந்துபோன குடும்பங்கள் நிறைய உண்டு. ஒரு வாழ்த்து அட்டைக்காக அப்பாவின் முகத்துக்குக் குறுக்கே பெரிய எழுத்தில் எதையோ போட்டு, கடைசியில் அந்த ஒரு படம்தான் அவருக்கு இருக்கிறது என்ற நிலை யாருக்கும் வரக்கூடாது.

மென்பொருளுக்கு கிம்ப் என்பதை எடுத்துக்கொள்வோம். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வெளியானது. போட்டோஷாப் தெரிந்தவர்கள் அதிலேயே செய்யலாம். கைபேசியில் மட்டும்தான் வசதி என்றால் பிக்சல்லேப், கேன்வா போன்றவை உண்டு. ஆனால் குரூப் போட்டோவில் முப்பது பெயரைக் கைபேசித் திரையில் அடிப்பது விரலுக்கும் கண்ணுக்கும் வேதனை.

எந்த மென்பொருளாக இருந்தாலும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது லேயர். படத்தின்மேல் கண்ணாடித்தாள் ஒன்றை விரித்து அதில் எழுதுவது மாதிரி. எழுத்து தாளில் இருக்கும், படம் அடியில் பத்திரமாக இருக்கும். எழுத்தை நகர்த்தலாம், திருத்தலாம், மறைக்கலாம். போட்டோஷாப்பிலேயே எழுத்தைத் திருத்தும் வசதி வர 1998-இல் வந்த 5.0 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் எழுத்தை வைத்த கையோடு அது வெறும் பிக்சலாக மாறிவிடும். ஒரு எழுத்துப் பிழை என்றால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

இப்போது தமிழ் எழுத்துக்கு வருவோம். நம்மவர்கள் அதிகம் அல்லல்படுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலப் புத்தகங்களும் வீடியோக்களும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

'பெயர்' என்று அடிக்கிறீர்கள். கணினி நினைவில் முதலில் ப, அடுத்து கொம்பு, அடுத்து ய, ர், என்ற வரிசையில்தான் இருக்கும். யுனிகோடு முறை அப்படி. காட்டும்போது கொம்பைத் தூக்கி ப-வுக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் எழுத்துக்கோப்பு இயந்திரத்தின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள், நினைவில் இருக்கிற வரிசையிலேயே அப்படியே காட்டிவிடும். கொம்பு ப-வைத் தாண்டி ய-வுக்கு முன்னால் போய் நிற்கும். 'பயெர்' என்று படிக்க நேரும். செல்வம், தேவி, பொன்னி எல்லாமே இப்படி உடையும். கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் பேனர்களில் கொம்பு இடம் மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடித்தவருக்குத் தமிழ் தெரியாது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். பல நேரம் மென்பொருளின் அமைப்பில்தான் கோளாறு.

கிம்ப்பில் இந்தத் தொல்லை இல்லை. அது எழுத்தை அமைக்கப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு திறந்தமூல நிரல்களைப் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் குரோம் உலாவியிலும் தமிழ் சரியாகத் தெரிவதற்குக் காரணமும் இதே ஹார்ஃப்பஸ்தான். போட்டோஷாப்பில் உடைந்தால் பயப்பட வேண்டாம். ப்ரிஃபரன்சஸ் பகுதியில் டைப் என்ற இடத்துக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்புகளில் அதன் பெயர் வேர்ல்டு ரெடி லேஅவுட். பிறகு மென்பொருளை மூடித் திறந்து, எழுத்தைப் புதிதாக அடியுங்கள். பழைய எழுத்து லேயர் பழைய இயந்திரத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தால் பாரா பலகையின் மெனுவில் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

டி.டி.பி. கடைகள் பல இதைச் சுற்றிக்கொண்டு போக இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே வேலை பார்க்கின்றன. பாமினி அவற்றில் ஒன்று. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. கொம்பை முதலில் அடித்துவிட்டு மெய்யை அடிப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது. அதுவரை சரி. ஆனால் அந்தக் கோப்பைப் பத்து வருடம் கழித்து, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் உங்கள் பாட்டியின் பெயர் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தேடினாலும் கிடைக்காது. தமிழக அரசு 2010-இலேயே யுனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. குடும்பத்துக்காக வைக்கப்போகும் கோப்பில் யுனிகோடைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள்.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. விண்டோஸில் நிர்மலா யு.ஐ. ஏற்கெனவே இருக்கிறது. கூகுள் எழுத்துருத் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், அனெக் தமிழ், கட்டமரன் எல்லாம் இலவசம். இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த பவனம், கவிவனார் இரண்டும் அங்கேயே கிடைக்கும். இவை திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சடித்து விற்றாலும் யாரும் கேட்க முடியாது. பெயர்ப் பட்டிக்கு என் தேர்வு நோட்டோ செரிஃப் அல்லது முக்தா மலர். அலங்கார எழுத்துருக்களைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆள் பெயருக்கு வேண்டாம்.

எந்த எழுத்துருவானாலும் மூன்று சோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள். 'கண்ணன்' என்று சிறிய அளவில் அடித்துப் பாருங்கள். ண-வின் சுழிகளும் ன-வின் சுழிகளும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? தடித்த எழுத்தில் ண-வின் சுழி அடைபட்டு ன மாதிரி ஆகிவிடும். 'ஸ்ரீனிவாசன்' என்று அடித்துப் பாருங்கள். சில எழுத்துருக்களில் ஸ்ரீ ஒன்று சேராமல் ஸ் தனி, ரீ தனி என்று நிற்கும். கடைசியாகப் புள்ளி. 'வேலன்' என்பதில் புள்ளி போய்விட்டால் 'வேலன' ஆகிவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது புள்ளி தெரியும். அச்சளவில் பார்த்தால்தான் அது நிற்கிறதா கரைகிறதா என்று தெரியவரும்.

இனி வேலை. என் யோசனை, முகங்கள் இருக்கும் பரப்பில் எழுத்தே வைக்காதீர்கள் என்பதுதான். பள்ளிக்கூட அட்டை மாதிரி கீழே ஒரு வெள்ளைப் பட்டியைச் சேருங்கள். கிம்ப்பில் இமேஜ் மெனுவில் கேன்வாஸ் சைஸ் என்று இருக்கும். அகலத்தையும் உயரத்தையும் பிணைத்திருக்கும் சங்கிலிக் குறியை அழுத்தி விடுவித்துவிட்டு, உயரத்தை மட்டும் கூட்டுங்கள். 3600-க்கு 2400 பிக்சல் படத்துக்கு உயரம் 3300 என்று கொடுத்தால் கீழே 900 பிக்சல் காலி இடம் வரும். புதிய லேயர் ஒன்று எடுத்து, வெள்ளை நிரப்பி, லேயர் பட்டியலில் படத்துக்கு அடியில் இழுத்து விட்டால் பட்டி தயார்.

விசைப்பலகையில் டி எழுத்தை அழுத்தினால் எழுத்துக் கருவி வரும். பட்டியின்மேல் சுட்டியை இழுத்துப் பெட்டி வரைந்து, அதற்குள் அடியுங்கள். அளவுதான் முதலில் எல்லாரையும் குழப்பும். வேர்டு மென்பொருளில் 12 என்றால் படிக்கிற அளவு. இங்கே 12 என்று போட்டால் எறும்பு அளவுகூட வராது. ஏனென்றால் கிம்ப் அளப்பது பிக்சலில். அச்சில் ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. 600 புள்ளி ஸ்கேனில் 10 பாயிண்ட் எழுத்துக்கு 83 பிக்சல் தேவை. 300 புள்ளி ஸ்கேனில் 42. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் தட்டுத்தடுமாற வேண்டியதில்லை. முதியவர்கள் கையில் வைத்துப் பார்க்கப்போகும் அச்சுப் படம் என்றால் 10 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள்.

வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கொஞ்சம் கூட்டி விடுங்கள். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும் இருக்கும், கீழே மு, கூ, ழு போன்றவற்றின் வால் இறங்கும். மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடித்தால் இரண்டும் கெடும். எழுத்து இடைவெளியை மட்டும் கூட்டவே கூட்டாதீர்கள். ஆங்கிலத் தலைப்பில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது அழகாகத் தெரியலாம். தமிழில் 'கோ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகச் சிதறி நிற்கும், படிப்பவர் கண் தடுமாறும். இடம் மிச்சமிருந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

என்ன எழுதுவது என்பதும் கைவேலையைப் போலவே முக்கியம். 'இடமிருந்து வலம்' என்றால் படத்தைப் பார்ப்பவரின் இடது. வரிசை வரிசையாக, தரையில் இருப்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் என்று போங்கள். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஒரே படத்தில் மூன்று சுப்பிரமணியன் இருக்கக்கூடும். இனிஷியலும் உறவும் சேர்த்து எழுதினால்தான் ஆள் பிடிபடும்: 'க. சுப்பிரமணியன், மணமகளின் தாய்மாமன்' என்பது போல. பெண்களை 'இன்னார் மனைவி' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர் ரேஷன் கார்டிலும் கல்லறையிலும் தவிர வேறெங்கும் எழுதப்படாமலே போன தலைமுறை அது. விசாரித்து, அவர் பெயரை எழுதிவிட்டு, உறவை அதன் பிறகு எழுதுங்கள்.

தேதிக்குக் கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் பெரிய உதவி. அதில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை. வருடச் சுற்று அறுபது என்பதால் சுபகிருது என்பது 1962-ஆகவும் இருக்கலாம், 2022-ஆகவும் இருக்கலாம். பட்டியில் ஆங்கில ஆண்டையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். யாரோ ஒருவரைப் பற்றி உறுதியாகத் தெரியாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள், அல்லது 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அச்சில் வந்த பெயரை அடுத்த தலைமுறை சந்தேகிக்காது. ஊகத்தில் எழுதிய ஒரு தவறான பெயர், பெயரே இல்லாமல் விடுவதைவிடக் கெடுதல்.

சில சமயம் படத்தின்மேலேயே எழுதியாக வேண்டியிருக்கும். வாழ்த்து அட்டை, நினைவஞ்சலி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போன்றவற்றுக்குப் பட்டி ஒத்துவராது. அப்போது படத்தில் சலனம் குறைந்த இடத்தைத் தேடுங்கள். வானம், சுவர், தரை, திரைச்சீலை. பூப்போட்ட புடவை, இலைகள், கூட்டம் இவற்றின்மேல் எந்த நிறத்தில் எழுதினாலும் எடுபடாது. வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரும் இடத்தில் வெள்ளை எழுத்துப் பாதி மறையும், கறுப்பு எழுத்து மீதிப் பாதி மறையும்.

நிறத்தேர்வுக்கு ஓர் அளவுகோல் உண்டு. இணையப் பக்கங்களை எல்லாரும் படிக்க ஏதுவாக அமைப்பதற்கான உலகளாவிய நெறிமுறையில், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வெள்ளையின்மேல் கறுப்பு 21. வெள்ளையின்மேல் தூய மஞ்சள் வெறும் 1.07, இருந்தும் இல்லாதது போலத்தான். அதே மஞ்சள் கறுப்பின்மேல் 19.56. நமக்குப் பிரியமான சிவப்பு, வெள்ளையின்மேல் வைத்தால் 4-ஐத் தொட்டு நின்றுவிடுகிறது. தலைப்புக்கு ஆகும், சிறிய எழுத்துக்கு ஆகாது.

பின்னணி ஒரே சீராக இல்லையென்றால் மூன்று வழி. எழுத்துக்கும் படத்துக்கும் நடுவில் கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை வைத்து அதன் அடர்த்தியைப் பாதியாகக் குறைப்பது முதல் வழி. அடியில் படம் மங்கலாகத் தெரியும், மேலே வெள்ளை எழுத்துப் பளிச்சென்று நிற்கும். படத்தின் கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கிக் கரைந்துபோகும் கறுப்பு நிழல் இரண்டாவது. வார இதழ்களின் அட்டையில் இதைத்தான் செய்கிறார்கள், நான் முதலில் கைவைப்பதும் இதில்தான். எழுத்தைச் சுற்றிக் கரை கட்டுவது மூன்றாவது. கிம்ப் 3.0-இல் எழுத்துக் கருவியின் விருப்பங்களிலேயே அவுட்லைன் இருக்கிறது. பழைய பதிப்பு என்றால் எழுத்து லேயரை வலது சொடுக்கி ஆல்ஃபா டு செலக்ஷன், பிறகு செலக்ட் மெனுவில் குரோ, மூன்று நாலு பிக்சல். அடியில் புதிய லேயர் வைத்து அதில் கறுப்பை நிரப்ப வேண்டும். கரை தடித்தால் முன்னே சொன்ன ண-வின் சுழி அடைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. எழுத்துக்குக் கரை, நிழல், ஒளிவட்டம், சாய்வு நிறம் நான்கையும் ஒன்றாகப் போடுவது நம் பேனர்களின் வழக்கம். ஒன்று போதும்.

சேமிக்கும்போது இரண்டு கோப்பு வேண்டும். கண்ட்ரோல், எஸ் அழுத்தினால் கிம்ப் எக்ஸ்.சி.எஃப். வடிவில் சேமிக்கும், லேயரும் எழுத்தும் திருத்தும் நிலையில் அப்படியே இருக்கும். சித்தப்பா பார்த்துவிட்டு "அது ராஜம் இல்லப்பா, அவ தங்கச்சி கமலம்" என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் மாற்றலாம். ஒன்று கவனியுங்கள்: எழுத்து லேயரின்மேல் தூரிகையால் தீட்டினாலோ அழிப்பானால் அழித்தாலோ பிறகு எழுத்தைத் திருத்தும்போது அந்த மாற்றங்கள் போய்விடும். மற்றவர்களுக்குக் கொடுக்க எக்ஸ்போர்ட் செய்து பி.என்.ஜி. அல்லது ஜேபெக் கோப்பு எடுங்கள்.

எழுத்து இருக்கும் படத்துக்கு பி.என்.ஜி. ஏன் நல்லது என்று தெரிந்துகொள்வது பயன்படும். 1992-இல் தரமாக்கப்பட்ட ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அதிகம் உறைக்காத நுணுக்கத்தைக் கழித்துவிட்டுச் சுருக்குகிறது. முகம், வானம் போன்ற மெதுவாக மாறும் பரப்புக்கு இது அருமையான ஏற்பாடு. எழுத்தின் ஓரமோ சட்டென்று கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவுகிறது. அங்கே கட்டத்துக்குள் அழுக்கு போலச் சாம்பல் புள்ளிகள் தெறிக்கும். மெய்யெழுத்துப் புள்ளி அந்த அழுக்கோடு கலந்து காணாமல் போவது இங்கேதான். சிவப்பு எழுத்துக்குக் கூடுதல் சேதம்: ஜேபெக் வழக்கமாக வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதி நுணுக்கத்தோடும் வைக்கும். அதனால் நீலப் பின்னணியில் சிவப்பாக எழுதியது ஓரங்களில் கசிந்து தெரியும். ஜேபெக்கில்தான் கொடுக்க வேண்டும் என்றால் தரம் 90-க்கு மேல் வைத்து, சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில் 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்ற வழியில் இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச்சேரும். அச்சுக் கடைக்கு அனுப்புவதும் அதே வழியில், அல்லது பென்டிரைவில்.

படத்தில் பதிந்த எழுத்தைக் கணினி எழுத்தாகப் பார்ப்பதில்லை. கண் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும் செயலிக்கும் அது எளிதில் எட்டாது. ஆகவே அதே பெயர்களை இன்னும் இரண்டு இடத்தில் வையுங்கள். கிம்ப்பில் இமேஜ் மெனுவில் மெட்டாடேட்டா என்ற பகுதி இருக்கிறது. படக் கோப்புக்குள்ளேயே விளக்கம் எழுதி வைக்கலாம். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விளக்கம் போய்விடும் என்பதால், பக்கத்தில் அதே பெயரில் ஒரு சாதாரண உரைக் கோப்பும் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் ஊரும் நிகழ்ச்சியும் வந்தால், இருபது வருடம் கழித்துத் தேடுகிற பிள்ளைக்கு வேலை மிச்சம்.

இவ்வளவு நுட்பமும் கற்றுக்கொள்ள ஒரு வார இறுதி போதும். அது எப்போது வேண்டுமானாலும் நடக்கும், மென்பொருள் எங்கும் ஓடிப்போகாது. பெயர்கள் அப்படி இல்லை. அவை இன்று ஒரு பெரியம்மாவின் நினைவில், ஒரு தாத்தாவின் நினைவில் மட்டும் இருக்கின்றன. ஆகவே முதலில் ஆல்பத்தையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய் உட்காருங்கள். வரிசையாகக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கிம்ப்பை அடுத்த மாதம் திறந்துகொள்ளலாம்.